ஏழாம் எண் செல்களின் பணிநிலை

என் வேலை பாட்டில்களுக்குச் சாப்பாடு போடுவது. இதைச் சொன்னால் ஆட்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறார்கள். பதினொரு வருடமாகச் செய்கிறேன். எங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் என் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. இயக்குநர் முதல் வாசல் காவலாளி வரை எல்லோருக்கும் நான் பாட்டில்காரர்.

பாட்டில்களுக்குள் இருப்பவை மனித செல்கள். என்றைக்கோ யாரோ ஒருவரின் தோலிலிருந்து துளியூண்டு எடுத்து வளர்க்க ஆரம்பித்தது. அந்த ஆள் யார், இருக்கிறாரா, போய்விட்டாரா, ஒன்றும் தெரியாது. பதிவேட்டில் ‘ஏழாம் எண்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. உள்ளங்கையளவு தட்டையான பாட்டிலின் அடியில், வெறும் கண்ணுக்குத் தெரியாமல், செல்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றுக்கு மேலே ரோஜா நிறத்தில் ஒரு நீர். அதுதான் சாப்பாடு. செல்கள் சாப்பிடச் சாப்பிட நீர் மஞ்சளாகும். இரண்டு நாளுக்கு ஒரு முறை மஞ்சளை எடுத்துவிட்டு ரோஜாவை ஊற்ற வேண்டும். வளர்ந்து அடிப்பாகம் நிறைந்துவிட்டால் ஒரு பாட்டிலை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உடம்புச் சூட்டிலேயே வைத்திருக்க வேண்டும். பக்கத்தில் நின்று தும்மக் கூடாது. வேலை அவ்வளவுதான், ஆனால் ஞாயிறு, விடுமுறை, காய்ச்சல் எதற்கும் விலக்கில்லை. தையல் வேலை செய்யும் என் மனைவி, நான் வீட்டுக்குள் நுழைந்ததும் கேட்கிற முதல் கேள்வி, “பெரிய வீட்டுக்குச் சாப்பாடு போட்டாச்சா?” என்பதுதான். அவள் இரண்டாவதாக வந்தவளாம்.

என் பணி ஆணையில் ஒரு வரி உண்டு. ‘மேற்படி ஊழியரின் பணிக்காலம், ஏழாம் எண் செல்கள் உயிரோடு இருக்கும் காலம் வரை.’ இப்படி ஒரு வரியை யோசித்து எழுத எப்படித்தான் மனம் வந்தது என்று நானும் ஆரம்பத்தில் கொதித்திருக்கிறேன். விசாரித்தால் அதற்கும் காரணம் இருந்தது. எனக்கு முன்னால் இருந்தவர், தன் பொறுப்பில் இருந்த ஆறாம் எண் செல்கள் எல்லாம் செத்துப்போய் நான்கு வருடம் கழித்தும் வெறும் பாட்டில்களுக்கு ஒழுங்காகச் சாப்பாடு போட்டுவந்திருக்கிறார். ஒருவரும் கவனிக்கவில்லை. அதில் ஒரு வருடம் அவருக்குச் சிறந்த ஊழியர் சான்றிதழ்கூடக் கொடுத்திருக்கிறார்கள். விஷயம் வெளியே வந்ததும் நிர்வாகம் விழித்துக்கொண்டு, என் தலையெழுத்தைச் செல்களோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டது. ஆக, அவை இருந்தால் நான் இருப்பேன். அவை போனால் மறுநாள் காலையில் நானும் வீட்டில் இருப்பேன்.

இந்த நிலையில்தான் ஆய்வாளர் மேடம் எங்கள் நிலையத்துக்கு வந்து சேர்ந்தார். வந்த முதல் வாரமே என் அறைக்கு வந்து, ஒரு பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, நன்றாக வளர்த்திருக்கிறீர்கள் என்றார். பதினொரு வருடத்தில் அதைச் சொன்ன முதல் ஆள். நான் உருகி நிற்கும்போதே அடுத்ததையும் சொன்னார். அரளிச் செடியில் இருக்கும் நஞ்சைத் தனியாகப் பிரித்தெடுத்து விற்கிறார்களாம். அதை வாங்கி, மிக மிகக் கொஞ்சமாக என் செல்களின் மேல் விடப்போகிறாராம். அது மனித செல்களின் வளர்ச்சியை நிறுத்திவிடும் என்று நினைக்கிறார். எவ்வளவு விட்டால் நிற்கும், பிறகு நஞ்சைக் கழுவிவிட்டால் திரும்ப வளருமா, இந்த இரண்டும்தான் அவர் கேள்வி. அடங்காமல் வளர்கிற செல்களால் வருகிற நோய்களுக்கு என்றைக்காவது இது உதவலாம் என்றார்.

எல்லாம் நல்ல விஷயம்தான். என் காதில் விழுந்தது ‘நிறுத்திவிடும்’ மட்டும்.

“நின்னுடுச்சுன்னா செத்துப்போயிடுமா மேடம்?” என்று கேட்டேன்.

“அதைத்தான் பாக்கப்போறோம்” என்றார் சிரித்துக்கொண்டே. பாவம், அவர் என் பணி ஆணையைப் படித்ததில்லை.

வீட்டில் போய்ச் சொன்னேன். மனைவி கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டு, உங்கள் சாப்பாட்டில் நீங்களே விஷம் வைக்கப்போகிறீர்கள், அப்படித்தானே என்றாள். அப்படித்தான். என் மகள் மட்டும், அந்த விஷம் என்ன நிறம் என்று ஆர்வமாக விசாரித்தாள்.

ஆனால் ஒன்று. எங்கள் நிலையத்தில் ஒரு காரியம் நடந்துவிடும் என்று பயந்தது என் அறியாமை. நஞ்சு வாங்க அனுமதி கேட்டு மேடம் கொடுத்த விண்ணப்பம் நஞ்சுக் கட்டுப்பாட்டுக் குழுவுக்குப் போனது. அதன் தலைவர் பாதுகாப்பு அதிகாரி. ஆள் எப்போதும் கையுறை போட்டிருப்பார், தேநீர் குடிக்கும்போதுகூட. இந்த நஞ்சு ஆபத்தானதா என்று அவர் எழுத்துமூலம் கேட்டார். அளவு கூடினால் ஆபத்து என்று மேடம் பதில் எழுதினார். அப்படியானால் ஆபத்தில்லாத நஞ்சாகப் பார்த்து வாங்க என்ன தடை என்று அடுத்த கேள்வி வந்தது. அந்தத் தடையை விளக்கி முடிக்க மேடத்துக்கு இரண்டு மாதம் ஆயிற்று.

கடைசியில் நஞ்சு வந்தது. சுண்டுவிரலில் பாதி உயரக் குப்பி, அதன் அடியில் கொஞ்சம் வெள்ளைப் பொடி. அதை இரும்பு அலமாரியில் வைத்து மூன்று பூட்டுப் போட்டார்கள். முதல் சாவி இயக்குநரிடம், இரண்டாவது பாதுகாப்பு அதிகாரியிடம். மூன்றாவது சாவி மிகவும் முக்கியமானது என்பதால் அதை ஆகப் பத்திரமான இடத்தில் வைக்கச் சொல்லி உத்தரவு. நிலையத்தில் ஆகப் பத்திரமான இடம் எது என்று ஆலோசித்து, அந்த அலமாரிக்குள்ளேயே வைத்துவிட்டார்கள். பிறகு தச்சர் வந்து, பின்பக்கத் தகட்டில் நான்கு திருகைக் கழற்றினால் அலமாரி திறந்துகொள்ளும் என்று காட்டினார். அதற்கப்புறம் நஞ்சு எடுக்கும் முறை இதுதான்: இரண்டு அதிகாரிகளும் வந்து முன்பக்கம் சாவியோடு நிற்பார்கள், தச்சர் பின்பக்கம் திருகைக் கழற்றுவார். மூன்று பேரும் கையெழுத்துப் போடுவார்கள்.

இந்த ஏற்பாட்டைப் பெருமையாக விளக்கியபடி பாதுகாப்பு அதிகாரி ஒருநாள் வாசல் பக்கம் வேலியில் சாய்ந்து நின்றார். அரளி நஞ்சு எத்தனை பயங்கரமானது, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அதை எப்படிக் காவல் காக்கிறார் என்று சொல்லிக்கொண்டே போனார். தோட்டக்காரர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சார், நீங்க சாஞ்சிருக்கிறதே அரளிதான்” என்றார்.

அவர் குதித்த குதியை நான் என் கண்ணால் பார்த்தேன். நிலையத்தின் நான்கு பக்கமும் அரளி வேலிதான். நாற்பது வருடமாகப் பூத்துக்கொண்டிருக்கிறது. யாரும் எதுவும் ஆகிவிடவில்லை, ஏனென்றால் வேலியைத் தின்கிற அளவுக்கு எங்கள் ஊழியர்கள் யாருக்கும் பசி இல்லை. ஆனாலும் அன்று பிற்பகலே அந்த வேலி ‘அனுமதியின்றிச் சேமிக்கப்பட்ட நஞ்சு இருப்பு’ என்று வகைப்படுத்தப்பட்டது. தோட்டக்காரரிடம் ஒரு தடித்த பதிவேடு கொடுத்து, செடிவாரியாக இலைகளை எண்ணி எழுதச் சொன்னார்கள். உதிர்ந்த இலைக்குத் தனிப் பதிவேடு. புதிதாகத் துளிர்த்ததற்கு யார் அனுமதித்தார்கள் என்று ஒரு கட்டம். காற்று பலமாக அடித்த ஒரு திங்கட்கிழமை, இருப்பில் ஆயிரத்துச் சொச்சம் இலை குறைந்ததற்கு மூன்று நாளுக்குள் விளக்கம் கேட்டு அவருக்குக் குறிப்பாணை வந்தது. அவர் ‘காற்று’ என்று ஒரே வார்த்தையில் விளக்கம் எழுதினார். அந்தக் காற்றை அடையாளம் காட்ட முடியுமா என்று திருப்பிக் கேட்டார்கள். மனிதர் அன்றோடு எண்ணுவதை விட்டுவிட்டு, தினமும் காலையில் வாயில் வந்த எண்ணை எழுத ஆரம்பித்தார். அதற்குப் பிறகு பதிவேடு ஒருநாளும் இடிக்கவில்லை. பாராட்டுக் கடிதம் வந்தது.

அடுத்து ஒழுக்கநெறிக் குழு. மனித செல்கள் மேல் நஞ்சு விடுவதென்றால் அந்த மனிதரின் சம்மதம் வேண்டும். நியாயமான கேள்வி, நான் குறை சொல்லமாட்டேன். மனிதர் யாரென்றே தெரியாது, அந்தக் காலத்தில் பெயரெல்லாம் எழுதி வைக்கவில்லை என்று மேடம் சொன்னார். குழு நான்கு முறை கூடி ஒரு வழி கண்டுபிடித்தது. மனிதர் கிடைக்காவிட்டால் என்ன, செல்கள் கையில் இருக்கின்றனவே, சம்மதத்தை நேரடியாக அவற்றிடமே கேட்டுவிடலாம். சம்மதப் படிவம் பதினான்கு பக்கம். செல்களுக்குப் படிக்கத் தெரியாது என்பதால், அவற்றுக்குப் பழக்கமான குரலில் வாசித்துக் காட்ட வேண்டும் என்றும் தீர்மானம் போட்டார்கள்.

பழக்கமான குரல் என்னுடையது. ஒரு புதன்கிழமை காலை, இன்குபேட்டர் என்கிற அந்தச் சூட்டுப்பெட்டியின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, பன்னிரண்டு பாட்டில்களுக்கும் பதினான்கு பக்கத்தை நிறுத்தி நிதானமாக வாசித்தேன். குழுவிலிருந்து இரண்டு பேர் சாட்சியாக நின்றார்கள். உங்களுக்கு விருப்பமில்லாவிட்டால் எந்த நேரத்திலும் ஆய்விலிருந்து விலகிக்கொள்ளலாம் என்கிற இடத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன். வாசித்து முடித்ததும் ஆட்சேபணைக்குக் கால் மணி நேரம் காத்திருந்தோம். ‘ஆட்சேபணை ஏதும் எழவில்லை’ என்று எழுதிக்கொண்டார்கள். கதவை அவ்வளவு நேரம் திறந்துவைத்ததில் ஒரு பாட்டிலுக்குள் பூஞ்சை போய், இரண்டு நாளில் அது கலங்கிவிட்டது. நான் பதறிப்போய்த் தெரிவித்தேன். அந்தப் பாட்டில் தன் உரிமையைப் பயன்படுத்தி ஆய்விலிருந்து விலகிக்கொண்டதாகப் பதிவு செய்தார்கள். சம்மத முறை நேர்மையாக நடக்கிறது என்பதற்கு அதுவே சான்று என்று ஆண்டறிக்கையிலும் போட்டார்கள்.

மிச்சம் பதினொன்று. ஆறு பாட்டில்களில் நஞ்சு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஐந்து பாட்டில்களில் வெறும் சாப்பாடு. மேடம் விண்ணப்பம் கொடுத்து எட்டு மாதம் கழித்து, ஒரு காலை பத்து மணிக்கு, அதிகாரிகள் முன்னால் நிற்க, தச்சர் பின்னால் திருக, நஞ்சு வெளியே வந்தது. பொடியைக் கரைத்து, அதை இன்னும் கரைத்து, அதிலும் ஒரு துளி எடுத்து மேடம் விட்டார்.

மறுநாள் விடியலிலேயே போய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். செல்கள் இருந்தன. நேற்று எத்தனையோ அத்தனை. அதற்கு மறுநாளும் அத்தனை. நஞ்சில்லாத ஐந்து பாட்டில்களும் கொழுகொழுவென்று வளர்ந்து பிரிக்கச் சொல்லி நெருக்குகின்றன, இந்த ஆறும் ஒட்டின இடத்தில் ஒட்டினபடியே கிடக்கின்றன. ஆனால் சாகவில்லை. மேடம் நஞ்சு கலந்து கொடுத்த ரோஜா நீரை ஊற்றினால் மெதுவாக மஞ்சளாக்கின. ஒன்பது நாள் தொடர்ந்து எண்ணிவிட்டு மேடம் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, முதல் கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது என்றார். அவ்வளவு சந்தோஷமாக நான் அவரைப் பார்த்ததில்லை. அடுத்தது நஞ்சைக் கழுவிவிட்டுப் பார்ப்பது. அதற்குள் ‘வளர்ச்சி முழுமையாக நின்றது’ என்கிற செய்தி மாடிக்கு ஏறிவிட்டது.

மாடியில் நிர்வாக அதிகாரி இருக்கிறார். என் பணி ஆணையின் அந்த வரியை மனப்பாடமாகத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மறுநாளே எனக்கு ஓலை வந்தது. ஏழாம் எண் செல்களின் வளர்ச்சி நின்றுவிட்டதாக அறியப்படுவதால், அவை உயிரோடு இல்லை எனக் கருதி உங்கள் பணியை ஏன் முடிவுக்குக் கொண்டுவரக் கூடாது என்று பத்து நாளுக்குள் விசாரணைக் குழு முன் விளக்கவும். அதுவரை பாட்டில்களில் எந்த மாற்றமும் செய்யக் கூடாது, அவை சாட்சியம். கழுவும் வேலையும் அதோடு நின்றது.

நான் ஐந்து பாட்டில்களைக் கையில் தூக்கிக்கொண்டு மாடிக்கு ஓடினேன். இதோ வளர்கிறதே ஐயா என்றேன். அவை நஞ்சு வாங்கிக்கொள்ளாத பாட்டில்கள், ஆய்வில் அவை ஒன்றும் செய்யவில்லை, சும்மா வளர்ந்துகொண்டிருப்பவற்றைச் சாட்சியாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அனுப்பிவிட்டார்கள்.

விசாரணை நாள் என் மனைவி சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்து, வாயை மூடிக்கொண்டு இருங்கள், கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்று சொல்லி அனுப்பினாள். நீண்ட மேசை. நடுவில் இயக்குநர், இந்தப் பக்கம் நிர்வாக அதிகாரி, அந்தப் பக்கம் பாதுகாப்பு அதிகாரி. ஓரத்தில் மூத்த ஆலோசகர். அவர் ஓய்வுபெற்றுப் பல வருடம் ஆகிறது, ஆனால் எல்லாக் குழுவிலும் இருப்பார், எல்லாக் கூட்டத்திலும் தூங்குவார். மேடத்தை வெளியே உட்காரவைத்துவிட்டார்கள். செல்களைப் பற்றிப் பேச வேண்டிய கட்டம் வரவில்லையாம்.

நிர்வாக அதிகாரி கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

“அந்தச் செல்கள் வளருதா?”

“இல்ல சார்.”

“பெருகுதா?”

“இல்ல சார்.”

“இடம் விட்டு இடம் நகருதா?”

“ஒட்டின இடத்துலயே இருக்கு சார்.”

“புதுசா ஏதாவது செய்யுதா?”

“ஒண்ணும் செய்யல சார்.”

“அப்ப செத்துப்போச்சுன்னு எழுதிக்கலாம்” என்று பேனா மூடியைக் கழற்றினார்.

பதினொரு வருடம் கண்முன்னால் போய்விட்டது. வாயை மூடிக்கொண்டிருக்கச் சொல்லி மனைவி அனுப்பியதும் மறந்துபோய்விட்டது. எனக்கு அழுகையே வந்தது, அதை மறைக்கத்தான் பேசினேன்.

“சார், அது சாப்பிடுது சார். நேரத்துக்குச் சாப்பாடு வெச்சா ஒழுங்கா சாப்பிட்டுட்டுக் கழிவை வெளிய விடுது. பிடிச்ச இடத்தைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டு இருக்கு. யாரு என்ன பண்ணாலும் நகர மாட்டேங்குது. வேற ஒரு வேலையும் செய்யறதில்ல, அது உண்மைதான். அதுக்காக செத்துப்போச்சுன்னு எப்படி சார் சொல்றது?”

சத்தியமாகச் சொல்கிறேன், நான் செல்களைப் பற்றித்தான் பேசினேன். ஆனால் பாதுகாப்பு அதிகாரியின் தேநீர்க் கோப்பை பாதி வழியில் நின்றது. நிர்வாக அதிகாரி பேனாவைப் பிடித்தபடி மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூத்த ஆலோசகர் திடுக்கிட்டு விழித்து, “யாரைப் பத்திப் பேசறாங்க?” என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

இயக்குநர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“இதுல அவசரப்படக் கூடாது. வளரலைங்கிற ஒரே காரணத்துக்காக ஒருத்தரை, அதாவது ஒண்ணை, செத்துப்போச்சுன்னு சொல்ல ஆரம்பிச்சா அது எங்க போய் முடியும்? நான் இருபத்தாறு வருஷமா இந்த நிலையத்துல இருக்கேன். வளர்றதுங்கிறது பெரிய விஷயமே இல்ல. பூஞ்சை கூட வளருது. அசையாம, ஆட்சேபணை பண்ணாம, குடுக்கிறதை வாங்கிக்கிட்டு, இருக்கிற இடத்தை விடாம இருக்கு பாருங்க, அதுக்குத்தான் அனுபவம் வேணும். அதுக்குப் பேர் சாவு இல்ல, நிலைத்தன்மை.”

சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம் தழுதழுத்தது. பாதுகாப்பு அதிகாரி உடனே ஆமோதித்தார். அசையாத செல்லால் இதுவரை ஒரு விபத்தும் நடந்ததில்லை, நடந்த விபத்தெல்லாம் யாரோ ஏதோ செய்யப்போய் வந்தவைதான் என்றார். நிர்வாக அதிகாரி, தான் கேள்விகளை மட்டுமே கேட்டதாகவும் பதில்களுக்குத் தான் பொறுப்பல்ல என்றும் நடவடிக்கைக் குறிப்பில் பதியச் சொன்னார். மூத்த ஆலோசகர் ஒன்றே ஒன்று கேட்டார்: செல்களுக்கு ஓய்வூதியம் உண்டா?

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. நான் அந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து ஒரே நாளில் வந்த முதல் உத்தரவு அதுதான். நஞ்சு விடப்பட்ட ஏழாம் எண் செல்கள் உயிரோடு இருக்கின்றன. அதுமட்டுமல்ல, அவற்றின் நடத்தை நிலைய ஊழியர்கள் அனைவருக்கும் முன்மாதிரி. எனவே அவற்றின் பணிநிலை நிரந்தரமாக்கப்படுகிறது, அவற்றைப் பராமரிக்கும் பாட்டில்காரரின் பணியும் அவ்வாறே. கடைசியில் ஒரு நிபந்தனை: செல்களின் தற்போதைய நிலை எந்த மாற்றமும் இன்றி நீடிக்கும் வரை.

நிரந்தரம். பதினொரு வருடமாக நான் கனவில்கூட உச்சரிக்கப் பயந்த வார்த்தை. மனைவி உத்தரவை இரண்டு தடவை படித்தாள். மகள் தெருவெல்லாம் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். நான் மறுநாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.

மேடம் என் அறையில் எனக்காகக் காத்திருந்தார். வாழ்த்துச் சொன்னார். பிறகு, கழுவிப் பார்க்கும் பகுதியை விட்டுவிடலாம் என்று முடிவு செய்திருப்பதாகச் சொன்னார். வளர்ச்சி நிற்கிறது என்று கண்டுபிடித்ததே போதும், அதோடு அறிக்கையை முடித்துக்கொள்கிறேன் என்றார். உத்தரவின் கடைசி வரியை அவரும் படித்திருந்தார். எட்டு மாதம் ஓடாய்த் தேய்ந்து அனுமதி வாங்கிய மனுஷி, தன் கேள்வியில் பாதியை என் சம்பளத்துக்காகக் கீழே போடுகிறார். சரி மேடம் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்?

ஒரு வாரம் அப்படியே போனது. ரோஜாவை ஊற்றினேன், மஞ்சளை எடுத்தேன். ஐந்து பாட்டில்கள் பத்தாயின. இந்த ஆறும் அப்படியே கிடந்தன. எண்ணிப் பார்க்கக்கூட அவசியமில்லை, ஆனாலும் தினமும் எண்ணினேன். எத்தனை வருடமாகக் கையில் வைத்து வளர்த்தவை, இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு மனசு கேட்கவில்லை. இவை இப்படியே இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சல் வந்தது.

ஒரு மாலை என் மனைவி மெஷினை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

“தினமும் வந்து ரெண்டு நாலாச்சு, நாலு எட்டாச்சுன்னு காது புளிக்கப் பேசுவீங்க. நிரந்தரம் வந்த நாளா வாயே திறக்கறதில்ல. என்னதான் ஆச்சு உங்களுக்கு?”

சொன்னேன். கழுவினால் ஒருவேளை வளரும், அப்படி வளர்ந்தால் நிரந்தரம் போகும். ஒருவேளை வளராமல் செத்தே போகும், அப்போது வேலையே போகும். கழுவாவிட்டால் ஒரு குறையும் இல்லை. அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள்.

“போய்க் கழுவுங்க. இந்த மூஞ்சியை நிரந்தரமா பாக்கறதுக்கு என்னால ஆகாது.”

மறுநாள் காலை மேடத்திடம் போய் நின்றேன். அவர் முதலில் ஒத்துக்கொள்ளவே இல்லை. உங்கள் வேலை என்ன ஆகும், நன்றாக யோசித்தீர்களா என்று மூன்று தடவை கேட்டார். வீட்டில் யோசித்துவிட்டார்கள் என்றேன். இருவருமாக ஆறு பாட்டில்களையும் எடுத்துவைத்து, பழைய நீரை உறிஞ்சி எடுத்துவிட்டு, சுத்தமான நீரால் மூன்று முறை அலசி, புதிய சாப்பாடு ஊற்றினோம். அனுமதி கேட்கவில்லை. கேட்டிருந்தால் என் மகளின் கல்யாணத்தன்று கிடைத்திருக்கும்.

முதல் நாள் ஒன்றுமில்லை. இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மூன்றாம் நாள் முற்பகல், மைக்ராஸ்கோப்பின் கீழே தட்டையாகப் பரந்து கிடந்த ஒரு செல் மெல்லத் தன்னைச் சுருட்டிக்கொண்டு உருண்டையாக எழுந்து நின்றது. நான் மேடத்தைக் கூப்பிட்டேன். மாறி மாறிப் பார்த்தோம். ஒரு மணி நேரத்தில் அந்த உருண்டையின் நடுவில் இடுப்பு மாதிரி ஒடுங்கி, ஒடுங்கி, இரண்டாகப் பிரிந்தது. பக்கத்தில் இன்னொன்று உருண்டுகொண்டிருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு. மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார், எனக்கு அந்த வசதியும் இல்லை, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டேன்.

“ஒண்ணுமே கெட்டுப்போகல” என்றார் மேடம். “நஞ்சு இருக்கிற வரைக்கும் நின்னுச்சு. எடுத்ததும் தானா கிளம்பிடுச்சு.”

விஷயம் எப்படி மாடிக்குப் போனதோ தெரியாது, போய்விட்டது. அடுத்த வாரம் நான் தலைநிமிர நேரமில்லாமல் இருந்தேன். ஆறு பாட்டில்களும் நிறைந்துபோய் ஒன்றை இரண்டாகப் பிரிக்க வேண்டியிருந்தது. நிற்க வைத்த காலமெல்லாம் சேர்த்துப் பிடிக்கிறவை மாதிரி அப்படி ஒரு வளர்ச்சி. கிருமி புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு கையையும் விட்டு நான் பிரித்துக்கொண்டிருந்தபோது பியூன் ஒரு காகிதத்தோடு வந்து கதவருகே நின்றார். கை ஒழியவில்லை, நீங்களே படித்துச் சொல்லுங்கள் என்றேன்.

அவர் படித்தார். ஏழாம் எண் செல்கள் முன்னறிவிப்பின்றி வளர்ந்துவருவது நிர்வாகத்தின் கவனத்துக்கு வந்துள்ளது. வளர்பவை எதற்கும் இந்நிலையத்தில் நிரந்தரம் அளிக்க விதிகளில் இடமில்லை. ஆகவே மேற்படி செல்களும் அவற்றின் பாட்டில்காரரும் இன்று முதல் மீண்டும் தற்காலிகப் பணிநிலையில் வைக்கப்படுகிறார்கள். பெற்றுக்கொண்டதற்கு உடனே கையெழுத்திட்டு அனுப்பவும்.

படித்துவிட்டு அவர் என்னைப் பாவமாகப் பார்த்தார். எனக்கு ஏனோ சிரிப்புதான் வந்தது. ஏழாவது பாட்டிலை மூடி வைத்துவிட்டு எட்டாவதை எடுத்தேன்.

“கையெழுத்து?” என்றார் பியூன். “மேல நாலு பேரும் வேலை எல்லாத்தையும் நிறுத்திட்டு இதுக்காகவே உக்காந்திருக்காங்க.”

“உக்காந்திருக்கட்டும் அண்ணே” என்றேன். “அவங்களுக்கு நேரத்துக்குச் சாப்பாடு மட்டும் போயிடுச்சான்னு பாத்துக்கோங்க.”